முதற்பிடியும் மூளிக்கிண்ணமும்

விருத்தாசலம் என்ற பெயரைக் கேட்டதும் சைவ அன்பர்களுக்குப் பழமலைநாதர் சந்நிதியும், ரயிலில் போவோருக்கு நான்கு திசைகளிலும் தண்டவாளம் பிரிந்து செல்லும் ஜங்ஷனும், நவராத்திரியில் கொலு வைக்கும் வீட்டுப் பெண்களுக்கு வழவழப்பான பீங்கான் பொம்மைகளும் நினைவுக்கு வருவது இயல்பு. எனக்கோ, அவ்வூர்ப் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில், ஓட்டு வீடொன்றின் திண்ணைக்குக் கீழே பல வருஷங்களுக்கு முன் நான் கண்ட ஒரு வெள்ளைக் கிண்ணமே முதலில் மனத்தில் எழுகிறது. சூளையில் வெந்தபோதே விளிம்பு கோணிப் போய், விற்பனைக்கு உதவாதென்று ஒதுக்கப்பட்ட பண்டம் அது. அதில் வெறுஞ்சோறு கொஞ்சம் இருந்தது. அதை உண்பதற்கு உரிய செந்நாய் நிறத்து நாட்டு நாய் ஒன்று, சோறு ஆறட்டும் என்பதுபோல அருகில் படுத்திருந்தது. மனிதன் தன் உணவை நாயோடு எப்படிப் பகிர்ந்து வந்திருக்கிறான், அப்படிப் பகிர்ந்ததில் எது அந்த ஜீவனை வாழ வைத்தது, எது வருத்தியது என்ற விசாரத்தை அந்தக் கிண்ணந்தான் என்னுள் தொடங்கி வைத்தது.

விருத்தாசலம் அடங்கிய நடுநாட்டில் மண்ணுக்கும் நாய்க்கும் உள்ள சம்பந்தம் பீங்கானுக்கு மிக முற்பட்டது. ஊர் எல்லையில் ஐயனார் கோயில் கொண்டிருக்கும் கிராமங்களில், ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கும் சுடுமண் குதிரைகளின் காலடியில், காவல் தெய்வத்தோடு இரவில் வலம் வருவதாக மக்கள் நம்பும் சுடுமண் நாய்களையும் காணலாம். அந்த நாயை வனைந்த வேளாரின் கைகளே வீட்டுக் கஞ்சிப் பானையையும் குழம்புச் சட்டியையும் வனைந்தன. பானை புதிதாக இருக்கும்வரை அடுப்பில் வாழ்ந்தது. விளிம்பு உடைந்து மூளியானபின் கொல்லைப்புறத்துக்கு வந்து கோழிக்குத் தண்ணீர் காட்டவும் நாய்க்குக் கூழ் ஊற்றவும் பயன்பட்டது. விருத்தாசலத்தில் அரசாங்கத்தார் பீங்கான் தொழிலுக்கென்று தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் கல்விக்கூடமும் அமைத்து, மின்கம்பத்து இன்சுலேட்டரும் பியூஸ் கட்டையும் பொம்மையும் அகல்விளக்கும் அங்கே உருவாகத் தொடங்கிய பின்னரும் இந்த வழக்கம் மாறியதாகத் தெரியவில்லை. மூளிச்சட்டியின் இடத்துக்கு மூளிக்கிண்ணம் வந்தது, அவ்வளவே.

நாய்க்குத் தனிப் பாத்திரம் என்ற ஏற்பாடு தானாகத் தோன்றியதன்று; அதன் பின்னால் ஆசாரம் இருந்தது. நாய் வாய் வைத்த உலோகப் பாத்திரத்தைச் சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கினால் சுத்தியாகும். மண்பாண்டமாயின் மீண்டும் நெருப்பிலிட வேண்டும், அல்லது உடைத்தெறிய வேண்டும் என்பது பழைய தர்மநூல்களின் விதி. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பானையை இழப்பதும் நஷ்டமாதலால், நாய்க்கென்று ஒரு சட்டி நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது. தீட்டை அஞ்சிச் செய்த இந்தப் பிரிவினை, வீட்டாரின் கலத்தையும் நாயின் கலத்தையும் கலவாமல் வைத்து, சுகாதாரத்துக்கும் உபகாரமாயிற்று. ஆனால் இந்த ஆசாரத்தைப் புகழ்ந்து மட்டும் எழுத என் மனம் இடந்தரவில்லை. நாய்க்கும் காகத்துக்கும் புழுவுக்கும் தரையில் அன்னம் இடுமாறு கிருகஸ்தனுக்குக் கட்டளையிடும் மனுஸ்மிருதி, அதே மூச்சில், சமூகத்தால் ஒதுக்கப்பட்ட மனிதர்களையும் நோயாளிகளையும் அந்த வரிசையிலேயே நிறுத்துகிறது. நாயிடம் காட்டிய கருணையின் ஏட்டில் மனிதனுக்கு இழைத்த அநீதியும் எழுதப்பட்டிருக்கிறது; ஒன்றைப் படிக்கிறவன் மற்றதைக் கண்மூடிக் கடந்துபோதல் நேர்மையாகாது.

மகாபாரதத்தின் தொடக்கப் பகுதியிலேயே உணவை முன்னிட்டு அடிபட்ட ஒரு நாய் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜனமேஜயன் வேள்வி நடத்திய இடத்துக்கு வந்த நாய்க்குட்டியொன்றை அவன் தம்பியர் அடித்துத் துரத்த, அது அழுதுகொண்டே தன் தாயான ஸரமையிடம் போகிறது. அவியை நீ நக்கினாயா என்று தாய் கேட்கிறாள். நக்கவுமில்லை, அதை ஏறிட்டுப் பார்க்கவுமில்லை என்கிறது குட்டி. குற்றமற்ற என் மகனை ஏன் அடித்தீர்கள் என்று ஸரமை வேள்விச்சாலைக்கே வந்து கேட்டபோது, அரச குமாரர்களிடம் பதில் இல்லை. அவள் சாபத்துக்கு அஞ்சி ஜனமேஜயன் புரோகிதரைத் தேடி அலைகிறான். சுவர்க்கத்தின் வாயிலில் தருமபுத்திரன் விடமறுத்த நாயை நாம் அனைவரும் அறிவோம். காவியத்தின் முற்றத்தில் நின்று நியாயம் கேட்ட நாயையும் அதனோடு சேர்த்து நினைத்தால், நாயின் பங்கு எது என்ற கேள்வி நம் நாட்டில் எவ்வளவு ஆழ்ந்த வேர் உடையது என்பது விளங்கும்.

இனி அந்தப் பங்கின் இயல்பைப் பார்ப்போம். வைசுவதேவம் செய்யும் இல்லங்களில் பலிக்கென்று எடுக்கப்பட்ட அன்னத்தில் உப்பும் காரமும் சேர்வதில்லை. சமைத்த சோற்றின் முதற்பகுதி, வேறொன்றும் கலவாத நிலையிலேயே பிராணிகளுக்குப் போயிற்று. அத்தகைய சடங்குகள் இல்லாத பெரும்பான்மைக் குடியானவர் வீடுகளில் நாயின் உணவு கூழ். தென்னார்க்காட்டுப் புன்செய் நிலங்களில் கம்பும் வரகும் கேழ்வரகும் விளைந்த காலத்தில், உழவன் குடித்த கம்பங்கூழும் அவன் நாய் குடித்த கம்பங்கூழும் ஒரே பானையிலிருந்து வந்தவை. உழவன் வெங்காயத்தையும் மிளகாயையும் ஊறுகாயையும் கூழுக்குத் துணையாகத் தனியே கடித்துக்கொண்டான். அவை கூழோடு கலக்கவில்லை. ஆகவே அவை நாயின் சட்டிக்கும் போகவில்லை. இதை நம் முன்னோரின் வைத்திய ஞானம் என்று பெருமை பேச நான் விரும்பவில்லை. வறுமையும் சமையலின் எளிமையுமே நாயைக் காத்தன என்று சொல்வதுதான் உண்மை. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு வேட்டை நாய்கள் கேழ்வரகுக் கூழிலும் மோரிலுமே வளர்ந்து, முயலைத் துரத்தும் வேகத்தை அடைந்தன என்பதைத் தென்பாண்டிச் சீமைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

கொடுத்தது மனிதன் மட்டுமன்று. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிக்குப் போகும் பாணனுக்கு அங்கே கிடைக்கக்கூடிய விருந்தைப் புலவர் கூறுகையில், மேட்டு நிலத்தில் விளைந்த செந்நெற் சோற்றோடு, நாய் பிடித்துக் கொணர்ந்த உடும்பின் வறுவலும் இடம்பெறுகிறது. நாய் தந்ததை மனிதன் தின்றான். மனிதன் தந்ததை நாய் தின்றது. இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குக் கல்லிலே பொறித்த சாட்சியும் உண்டு. விருத்தாசலத்துக்கு வடமேற்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று நிற்கிறது. தன் எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனின் உருவத்தோடு, அவன் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிக்கிறது. 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அழியாத பெயர்! ஒரு நாய்க்குப் பெயரிட்டு, அப்பெயரைக் கல்லில் வெட்டுகிற சமூகம், அந்த நாய்க்கு அன்றாடம் எதையோ ஒரு சட்டியில் ஊற்றியிருக்கும் அன்றோ? அது பெரும்பாலும் புன்செய்த் தானியத்தின் கஞ்சியாகவே இருந்திருக்கும் என்று எண்ணுவது எனக்கு இன்பமாயிருக்கிறது.

மாமிசபட்சணியான ஓநாயின் வழிவந்த பிராணிக்குக் கஞ்சியும் கூழும் எப்படி ஒத்துக்கொண்டன என்ற ஐயத்துக்குச் சமீப காலத்து ஆராய்ச்சி அழகான சமாதானம் தருகிறது. ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில் ஓநாய்களின் மரபணுக்களையும் வீட்டு நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மாச்சத்தைச் செரிக்கச் செய்யும் அமிலேஸ் என்ற நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருக்கக் கண்டார்கள். மனிதன் பயிரிடத் தொடங்கி, அவன் முற்றத்தில் நாய் தங்கத் தொடங்கியபின், சோற்றையும் களியையும் செரிக்க வல்லவையே தலைமுறை தலைமுறையாகத் தழைத்தன என்பது இதன் பொருள். நம் அடுப்பங்கரையின் வாசனை நாயின் ரத்தத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆயினும் அந்த எழுத்து தானியத்தோடு நின்றுவிட்டது, தாளிப்புவரை வரவில்லை.

துன்பம் தொடங்கியது அங்கேதான். காலம் மாறி, புன்செய்த் தானியம் ஒதுங்கி, நெல்லுச்சோறு ஏழை வீட்டுக்கும் வந்து, குழம்பும் பொரியலும் அன்றாட உணவாகிய பிற்பாடு, மிஞ்சியதையெல்லாம் பிசைந்து நாய்க்கு வைப்பது எங்கும் பரவியது. குழம்பு ஊற்றிய சோற்றை நாய் ஆசையோடு தின்னும். ஆசை ஆரோக்கியத்துக்கு அத்தாட்சியாகாது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் செங்குருதி அணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்தக் குணம் போவதில்லை. நாயின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனால் இரத்தத்தில் கேடு புலப்படும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பத்துக் கிலோ எடையுள்ள நம் தெரு நாய்க்கு அது 150 கிராம் அளவிலேயே தொடங்குகிறது. கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டாவின் அடியில் தங்கும் சின்ன வெங்காயத்தை நினைத்துப் பார்த்தால், அது எட்டாத அளவன்று. உதடு வெளுத்து, நடை தளர்ந்து, சிறுநீர் கறுத்தபின்னரே வீட்டார் கவனிப்பார்கள். சில நாட்களுக்கு முன் போட்ட சோற்றை அப்போது யார் நினைக்கிறார்கள்?

பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக் கூடியது என்பது கடந்த நூற்றாண்டின் இறுதிவரை மருத்துவ உலகமே நன்கு அறியாத செய்தி. அதற்குக் காரணம் எது என்பதும் நெடுநாள் மர்மமாயிருந்தது. பின்னர் அமெரிக்காவில் விலங்குகளின் நச்சுச் சிகிச்சையில் தேர்ந்த மருத்துவர்கள், திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2021-இல் கருத்துத் தெரிவித்தார்கள். அடுத்த ஆண்டு, அதே அமிலம் மிகுந்த வேறொரு பொருளைத் தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றியும் எழுதினார்கள். அந்தப் பொருள் புளி! இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். புளியின்றித் தமிழன் குழம்பு ஏது? எத்தனை தலைமுறை நாய்களுக்கு நாம் புளிக்குழம்புச் சோற்றை அன்பென்று எண்ணி வைத்திருக்கிறோம்! குழம்பில் கரைந்த புளியின் அளவு கொஞ்சமே என்பதும், ஊர் நாய்களெல்லாம் அதனால் மடிந்துவிடவில்லை என்பதும் மெய்தான். ஆனால் புளியுருண்டையும் புளிக்காய்ச்சலும் அந்தக் கணக்கில் சேரமாட்டா. அவற்றை நாயின் வாய்க்கு எட்டாமல் வைப்பதே தகும்.

வெந்த கோழியெலும்பு கூரிய சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாயின் இருதயத்தைப் படபடக்கச் செய்யும். சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் இனிப்புகளிலும் சூயிங்கத்திலும் சில வேளை சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற பொருள் நாயின் இரத்தச் சர்க்கரையைச் சடுதியில் வீழ்த்திவிடும். இவை இன்று கால்நடை மருத்துவமனைகளில் சாதாரணமாகச் சொல்லப்படுவனவாதலால் விரித்து எழுதவில்லை.

விருத்தாசலத்துக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சற்று நின்று சொல்லவேண்டும். ஒன்று, பாத்திரம். பீங்கானின் மேலுள்ள பளபளப்பை, கிளேஸ் என்று தொழிலாளர் சொல்லும் அந்தக் கண்ணாடிப் பூச்சை, இருவகையாக உண்டாக்கலாம். 1,200 டிகிரி வெப்பத்தையொட்டிய சூளையில் பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் வெள்ளைக் களிமண்ணும் உருகிக் கூடும் பூச்சு ஒருவகை. அதற்கு ஈயம் வேண்டியதில்லை. குறைந்த சூட்டிலேயே உருகிப் பளபளக்கும்பொருட்டு ஈயம் சேர்த்த பூச்சு மற்றொருவகை. உலகெங்கும் குயவர்கள் பல நூற்றாண்டுகள் அதைக் கையாண்டார்கள். ஈயப்பூச்சு சரியாக வேகாத கலத்தில் புளிப்பான உணவைத் தங்கவிட்டால், அமிலம் ஈயத்தை மெல்லக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். காட்சிக்கு வைக்கும் பொம்மைக்கும் பூச்சாடிக்கும் பூசிய வர்ணம், சோறுண்ணும் கிண்ணத்துக்கு உகந்ததென்று கொள்ளலாகாது. மூளியானாலும் கோணலானாலும் தோஷமில்லை. உணவுக்கென்று செய்த பாத்திரமா, அலங்காரத்துக்கென்று செய்ததா என்பதைக் கேட்டறிந்த பிறகே அதை நாயின் முன் வைக்கவேண்டும். விரிசல் கண்ட பூச்சில் அழுக்குத் தங்குமாதலால், நாள்தோறும் கழுவுவதும் அவசியம். பேசத் தெரியாத பிராணிக்குக் கலத்தைச் சோதிக்கத் தெரியாது. அந்தச் சோதனை நம்முடைய கடமை.

மற்றொன்று, நிலக்கடலை. விருத்தாசலத்து மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரியிலும் நிலக்கடலையிலும் தன் ஊர்ப்பெயரின் முதலெழுத்துக்களைத் தாங்கிய வி.ஆர்.ஐ. ரகங்களைத் தந்து உழவர்களிடையே புகழ்பெற்றது. சுற்றுவட்டாரத்தில் கடலை பிடுங்கும் பருவத்தில், களத்தைச் சுற்றும் நாய்களுக்குக்கூட நாலு பருப்பு கிடைத்துவிடும். உப்பும் மசாலாவும் சேராத வறுத்த கடலை நாலைந்தால் நாய்க்குக் கேடில்லை. ஆனால் மழையில் நனைந்து பூசணம் பூத்த கடலையையும், மக்கிய புண்ணாக்கையும், வீட்டார் தின்னத் தகாதென்று ஒதுக்கியபின் நாய்க்குத்தானே என்று கொட்டுவது பாதகம். அப்பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற விஷம் 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டபோது, அவற்றுக்கு இட்ட கடலைப் புண்ணாக்கிலிருந்துதான் முதன்முதலாக வெளிப்பட்டது. ஈரலை அழிக்கும் அந்த விஷத்துக்கு நாய் மிக எளிதில் பலியாகும் பிராணி.

அதன் கோரத்தை நம் தேசமே ஒருமுறை கண்டது. 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில், அறுவடைக் காலத்துப் பருவந்தவறிய மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட ஆதிவாசி மக்களிடையே மஞ்சட்காமாலையும் மகோதரமும் பரவின. ஏறத்தாழ 400 பேர் நோயுற்று, 100-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, அந்த வீடுகளில் அதே உணவைப் பங்கிட்டு உண்ட நாய்களும் அதே விதமாக வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து மாண்டிருந்தது தெரியவந்தது. வேறு உணவுக்கு வழியில்லாத ஏழைகள், இருந்த ஒரே தானியத்தைத் தங்கள் நாயோடு பகிர்ந்தார்கள். அந்தப் பகிர்வில் வஞ்சனை ஏதுமில்லை. அந்த நாய்களை அந்த மக்களின் துயரத்திலிருந்து பிரித்து நினைக்க என்னால் இயலவில்லை. ஊர் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு விழுந்தபோது, பானையில் ஏதோ கேடு இருக்கிறதென்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வல்லவர் எவரேனும் அருகில் இருந்திருந்தால், எத்தனை உயிர்கள் எஞ்சியிருக்குமோ!

சிறு பிராயத்தில் எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. பந்தியில் மிஞ்சிய குழம்புச்சோற்றை இலையோடு அள்ளிக்கொண்டு நான் அதனிடம் ஓடியபோதெல்லாம் பாட்டி என்னைத் தடுப்பாள். "டேய், அந்தச் சோத்தைப் போடாதே. அதுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்பாள். காரணம் கேட்டால், காரம் ஆகாது என்பதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வெங்காயத்தின் கந்தகத்தையோ புளியின் அமிலத்தையோ அவள் எங்கே கேட்டிருக்கப் போகிறாள்? உலை வடித்ததும், உப்பும் குழம்பும் தீண்டுமுன், அன்னத்தட்டிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஆறவைப்பது அவள் மாமியார் காலத்துப் பழக்கம். அமாவாசையானால் காக்கைக்குப் போட்டபின் நாய்க்கு. மற்ற நாட்களில் முதலிலேயே நாய்க்கு. அந்தப் பிடியில் சில நாள் கொஞ்சம் மோர் சேரும். வீட்டில் முட்டை அவித்த நாளில் மஞ்சட்கரு ஒன்று சேரும். பரங்கிக்காயும் கேரட்டும் வெந்தால் தாளிக்குமுன் இரண்டு துண்டு சேரும்.

விருத்தாசலத்து ஓட்டு வீட்டிலும் அன்று நான் கண்டது அதுவேதான். திண்ணையில் உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த அவ்வீட்டு அம்மாள், என் பார்வை கிண்ணத்தின்மேல் நின்றதைக் கண்டு, அது பொம்மைக்குப் பூசும் வர்ணம் படாத கிண்ணம் என்று தானாகவே சொன்னாள். பிறகு தூரிகையைத் தண்ணீரில் அலசி வைத்துவிட்டு, கையை இருமுறை கழுவிக்கொண்டு வந்து, சோறு ஆறிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. நாயை எழுப்பினாள்.